நிரந்தர அந்நியர்

மெத்தைக் கடைக்காரருடைய நாய் குரைப்பதில்லை என்று அவர்மேல் புகார் வந்தது. கடித்துவிட்டது என்று வந்திருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும். மன்னிப்புக் கேட்டு, ஊசிச் செலவைக் கொடுத்து, கையோடு ஒரு தலையணையும் இலவசமாகக் கொடுத்து அனுப்பியிருப்பார். குரைக்காததற்கு என்ன நஷ்ட ஈடு கொடுப்பது, அதை யாருக்குக் கொடுப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

புகார் கொடுத்தவர் பக்கத்துப் பூட்டுக் கடைக்காரர். கன்றுக்குட்டி அளவு நாய் ஒன்று கடைவாசலில் படுத்துக்கொண்டு வருவோர் போவோர் யாரையும் பார்த்துக் குரைக்காமல் இருப்பது பொதுமக்களைத் தவறாக வழிநடத்துகிறது, தெருவே பாதுகாப்பாக இருக்கிறது என்ற பொய்யான நிம்மதியைத் தருகிறது, நிம்மதியாக இருக்கிறவன் பூட்டு வாங்குவதில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரியை மட்டும் பிறகு யோசித்து அடித்திருந்தார். அடித்த பிறகும் அது நன்றாகவே படிக்க வந்தது.

நாயின் பேர் பெரியவர். யோசித்து வைத்த பேர் அல்ல, தானாக அமைந்த பேர். குட்டியாக வந்தபோதே அதன் முகத்தில் நாலு தலைமுறைப் பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைத்த களைப்பு இருந்தது. வாடா போடா என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. "பெரியவர் சாப்பிட்டாரா?" "பெரியவர் எழுந்துட்டாரா?" என்றுதான் வீட்டில் பேச்சு. இதைக் காதில் வாங்கிய வாடிக்கையாளர் சிலர், கடைக்காரரின் அப்பாவைச் சொல்கிறார்கள் என்று எண்ணி, "இத்தனை மெத்தை வெச்சுக்கிட்டு வயசானவரை வாசல்லயா படுக்க விடறது?" என்று கடிந்துகொண்டதும் உண்டு. ஆகவே இந்தக் கதையிலும் அந்த மரியாதையைக் குறைக்க வேண்டாம்.

பெரியவருக்கு இரண்டே வேலைகள். பகலில் கடைவாசலில் மாதிரிக்குப் போட்ட ஒரு மெத்தையின் மேல் தூங்குவார். அவரைவிட நல்ல விளம்பரம் அந்தக் கடைக்கு வாய்த்ததில்லை. இன்னொரு வேலை வீட்டுக்குள். கடைக்காரரின் மனைவி ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். மாதக்கணக்கில் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தவர், எழுந்து நடக்கும் நாள் வந்ததும் ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரைத் துணி காயப்போட ஒதுக்கிவிட்டு, பெரியவரின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்த அம்மாள் அடியெடுத்தால் பெரியவரும் அடியெடுப்பார். மூச்சு வாங்க நின்றால் நிற்பார். இப்போதும் அடுப்படியிலிருந்து கூடத்துக்கு வர வேண்டுமென்றால் அந்த அம்மாளின் கை முதலில் காற்றில் துழாவும். கைக்கு அடியில் அந்த முதுகு வந்து நிற்கும். பிறகுதான் கால் நகரும்.

புகாரை விசாரிக்க வாரியத்திலிருந்து அழைப்பு வந்த அன்று காலை அந்த அம்மாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே, "அவரை எப்படியாவது கூட்டிட்டு வந்துடுங்க" என்றார். கொஞ்சம் யோசித்து, "நீங்க முன்னப்பின்ன வந்தாலும் பரவாயில்ல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

பெருங்காவல் நாய்கள் குணநல ஒப்பீட்டு வாரியம் என்பது அந்த இடத்தின் முழுப்பேர். தலைவரின் முழங்காலுக்கு மேல் உயர்ந்த எந்த நாயும் பெரிய நாய் என்பது அதன் சட்டம். ஆகவே தலைவர் மாறும்போதெல்லாம் ஊரில் சில நாய்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் பெரிய நாய்களாகிவிடும், சில பதவி இறங்கிவிடும். இப்போதைய தலைவர் குட்டை. ஊரில் ஒரு நாயும் தப்பவில்லை. பெரிய நாய்களையெல்லாம் உயர்ந்த காவல் இனங்களோடு ஒப்பிட்டு, தேறியதற்குச் சான்று கொடுப்பார்கள். தேறாததை ஒழுங்குக் கொட்டடிக்கு அனுப்புவார்கள். அங்கே போன எந்த நாயும் திரும்பியதில்லை. அவை அங்கே திருப்தியாக இருப்பதையே இது காட்டுகிறது என்று வாரியத்தின் ஆண்டறிக்கை சொன்னது.

மெத்தைக் கடைக்காரர் பெரியவரோடு போய்ச் சேர்ந்தபோது காத்திருப்புக் கூடத்தில் ஏற்கெனவே, நாயின் சான்றைப் புதுப்பிக்க வந்த ஒரு காண்ட்ராக்டர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் காலடியில் கரடியைப் போல ஒரு காக்கேசியன் ஷெப்பர்ட். இரண்டு பேருக்கும் கழுத்து இல்லை. காண்ட்ராக்டர் பெரியவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இது என்ன ஜாதி என்று விசாரித்தார். தெரியாது, மழைக்கு ஒதுங்கிய ஒரு குட்டி, அப்படியே இருந்துவிட்டது என்றார் மெத்தைக் கடைக்காரர். காண்ட்ராக்டர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். தன் நாய் இதுவரை மூன்று பேரைக் கடித்திருப்பதாகவும், அதில் ஒருவர் இந்த வாரியத்தின் பியூன் என்றும், அதற்குத் 'துணிவு' என்ற தலைப்பில் முழு மதிப்பெண் கிடைத்ததாகவும் சொன்னார். அந்த பியூன்தான் அப்போது அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார், எட்டியே நின்று.

சுவரில் ஓர் ஆள் உயரத்துக்கு ஒப்பீட்டுப் பலகை மாட்டியிருந்தது. திபெத்திய மாஸ்டிஃப், கங்கல், கேன் கோர்சோ, பைரனீஸ், காக்கேசியன் என்று இடப்பக்கம் இனங்கள். மேலே விசுவாசம், சந்தேகம், துணிவு, பொறுமை, தானே முடிவெடுக்கும் திறன், சொன்னதை மட்டும் கேட்கும் திறன் என்று குணங்கள். கடைசிக் கட்டத்தை யாரோ பிற்பாடு ஒட்டியிருந்தார்கள்: 'வாரியத்துடன் ஒத்துழைப்பு.' எல்லாவற்றுக்கும் மேலே வாரியத்தின் குறிக்கோள் பொன்னெழுத்தில் பளபளத்தது: 'நாய் வேடம் போட்டால் குரைக்கத்தான் வேண்டும்.' பெரியவர் வேடம் எதுவும் போடவில்லை, பிறந்ததே இப்படித்தான் என்று யாரிடமாவது சொல்லலாமா என்று மெத்தைக் கடைக்காரர் யோசித்தார். யாரும் கேட்கவில்லை.

முதலில் இனப்பிரிவு அலுவலரிடம் போகச் சொன்னார்கள். அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பெரியவரைச் சுற்றி மூன்று முறை வந்தார். கோயிலைச் சுற்றுகிறவர்கள்கூட இவ்வளவு பயபக்தியோடு சுற்ற மாட்டார்கள். பிறகு உட்கார்ந்து, இது ஒரே நாய் இல்லை என்றார்.

மெத்தைக் கடைக்காரர் சுற்றிலும் பார்த்தார். ஒன்றுதான் இருந்தது.

அலுவலர் விளக்கினார். தலை மாஸ்டிஃபினுடையது: தொங்கு கன்னம், நெற்றிச் சுருக்கம். உடம்பும் ரோமமும் பைரனீஸ். வால் சந்தேகமே இல்லாமல் கங்கல், முதுகின்மேல் வளையம் போட்டுச் சுருண்டிருக்கிறது. விதிப்படி ஒவ்வோர் இனத்தையும் அதனதன் குணத்தோடுதான் ஒப்பிட முடியும். ஆகவே தலையைத் தனியாகவும் உடம்பைத் தனியாகவும் வாலைத் தனியாகவும் பரிசோதிக்க வேண்டியிருக்கிறது.

அப்படியே பரிசோதித்தார்கள். மாஸ்டிஃப் தலை அந்நியர்களிடம் அலட்சியமாக இருக்க வேண்டும்; அலுவலர் விரலைச் சொடுக்கியபோது பெரியவரின் தலை திரும்பவேயில்லை, தேறியது. பைரனீஸ் உடம்பு பகலில் சோம்பலாகவும் ஆட்டுக்குட்டிகளிடம் அன்பாகவும் இருக்க வேண்டும். சோம்பல் பிரமாதமாக இருந்தது, ஆட்டுக்குட்டிக்கு ஒதுக்கீடு வராததால் உடம்பு நிலுவையில் வைக்கப்பட்டது. கங்கல் வால் ஆபத்தை உணர்ந்தால் உயர வேண்டும். அது ஒரு ஈயை ஓட்டியது. வாலின்மேல் மேல்விசாரணைக்கு உத்தரவாயிற்று.

"தலை தேறி வால் தேறலைன்னா என்னங்க ஆகும்?" என்று மெத்தைக் கடைக்காரர் கேட்டார்.

"பெரும்பான்மை எங்கியோ அதுதான்" என்றார் அலுவலர். "ஆனா வால் நிலைமை எனக்கே கவலையாத்தான் இருக்கு."

அதற்குப் பிறகு தலைவரின் முன்னிலையில் கடைசிச் சோதனை. பின்பக்கத்து மைதானத்தில், காண்ட்ராக்டர் கட்டிக்கொடுத்த புதுச் சுற்றுச்சுவரின் நிழலில், உயரமான மேடை ஒன்று போட்டு அதன்மேல் இன்னும் உயரமான நாற்காலி ஒன்று போட்டு தலைவர் உட்கார்ந்திருந்தார். அவருடைய கால்கள் தரைக்கு எட்டாமல் மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. சோதனைக்கு முன்னால் உரையாற்றுவது வாரியத்தின் மரபு. கேட்க ஆள் இருக்கிறதா என்பது மரபில் சொல்லப்படவில்லை.

"நான் நாய் வளர்த்ததில்ல" என்று தலைவர் ஆரம்பித்தார். "எங்க வீட்ல ரெண்டு பூனைதான். அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது. நாய் வளர்க்கறவங்க நாய்க்காகப் பேசுவாங்க. நாயைக் கேட்டா நாய் தனக்காகப் பேசும். ரெண்டுமே வேண்டாம்னுதான் வாரியம்."

அதிலிருந்து அவர் மாஸ்டிஃபுக்குப் போனார். அது கதவைப் போல நிற்கும் என்றார். அங்கிருந்து பைரனீஸுக்கு, அது பகலெல்லாம் தூங்கி ராத்திரி மந்தையைச் சுற்றும் என்றார். சொல்லும்போதே தன் சொந்தப் பழக்கம் நினைவுக்கு வந்ததாலோ என்னவோ ஒரு கொட்டாவி விட்டார். பிறகு கங்கலுக்கு வந்ததும் குரல் உயர்ந்தது.

"சாதா நாய் குரைக்கும், துரத்தும். காவல் நாய் என்ன பண்ணும்? நடுவுல போய் நிக்கும். ஓநாய்க்கும் ஆட்டுக்கும் நடுவுல. அதுக்கு இடைநிற்றல்னு பேரு. அந்த விதியை எழுதினதே நான்தான். நாய்க்குப் பின்னாடி யாரு இருக்காங்களோ அவங்கதான் உடைமையாளர். முன்னாடி யாரு இருக்காங்களோ அவங்க அந்நியர். நாய் நின்னுடுச்சுன்னா அப்புறம் அப்பீல் கிடையாது. இதுவரைக்கும் ஒரு நாய்கூட இதுல தேறினதில்ல. நம்ம தரம் அவ்வளவு உசரம்."

காண்ட்ராக்டருடைய நாய் எப்படித் தேறியது என்று மெத்தைக் கடைக்காரர் பக்கத்தில் நின்ற அலுவலரை மெதுவாகக் கேட்டார். அது கௌரவத் தேர்ச்சி என்றார் அலுவலர், சுற்றுச்சுவரைப் பார்த்தபடி.

"அந்நியரை வரச் சொல்லுங்க" என்றார் தலைவர்.

மூலைக் கதவு திறந்தது. பஞ்சு திணித்த தடித்த அங்கிக்குள் ஒல்லியான ஒரு மனிதர் தள்ளாடிக்கொண்டு வந்தார். மெத்தை வியாபாரம் பார்க்கிறவர் கண்ணுக்கு அந்த அங்கியின் பஞ்சு எப்போதோ கட்டிதட்டிப்போயிருப்பது உடனே தெரிந்தது. இவர்தான் வாரியத்தின் நிரந்தர அந்நியர்.

அந்நியர் என்பது அங்கே ஒரு பதவி. ஒரே ஓர் இடம், நிரந்தரம், ஓய்வூதியம் உண்டு. நாய்கள்மேல் ஏவிவிட ஓர் அந்நியன் வேண்டுமே என்று இந்த மனிதரை அவருடைய இளவயதில் நியமித்திருந்தார்கள். அந்நியராக இருப்பவர் யாருக்கும் தெரிந்தவராக இருக்கலாகாது என்பது பணிவிதி. ஆகவே அலுவலகத்தில் யாரும் அவருக்கு வணக்கம் சொல்வதில்லை. காப்பி வந்தால் அவருடைய தம்ளரை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர் பேர் என்ன என்பது சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரிந்திருந்தது. அந்த ஆளும் ஓய்வு பெற்ற பிறகு அதுவும் இல்லை. குடியிருப்பது வாரியத்தின் வளாகத்திலேயே ஓர் அறை. விருந்தாளி வரக் கூடாது, வர யாரும் இல்லை என்பதால் அந்த விதியை அவர் மீறியதேயில்லை.

ஒரே ஒரு தவறை மட்டும் அவர் செய்தார். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயத்தில் சட்டைப்பையில் பிஸ்கட் போட்டுக்கொண்டு போனார். பயம் போனது, பிஸ்கட் போகவில்லை. விளைவு, ஊரில் இருந்த அத்தனை பெரிய நாய்களுக்கும் அவர் உயிர் சிநேகிதர். தெருக்கோடியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், வாரியத்துக்கு இன்னும் போகாத நாய்களெல்லாம் வாசலுக்கு வாசல் வாலை ஆட்டும். ஊரிலேயே எந்த நாயும் குரைக்காத ஒரே மனிதரை வைத்துக்கொண்டுதான், அந்நியரைக் கண்டால் நாய் குரைக்கிறதா என்று வாரியம் இத்தனை காலமாகப் பரிசோதித்துக்கொண்டிருந்தது.

அவர் கையை ஓங்கியபடி பல்லைக் கடித்துக்கொண்டு மெத்தைக் கடைக்காரரை நோக்கி வந்தார். காத்திருப்புக் கூடத்திலிருந்து காண்ட்ராக்டரின் காக்கேசியன் ஆனந்தத்தில் முனகுவது கேட்டது. பெரியவர் எழுந்து நின்றார். மேல்விசாரணையில் இருந்த வால் இடமும் வலமும் ஆடியது. நேரே போய் அந்நியரின் பூட்ஸ்மேல் தலையை வைத்துப் படுத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

"தோல்வி" என்றார் தலைவர்.

மெத்தைக் கடைக்காரர் ஓரடி முன்னால் வந்தார். அடுப்படி வாசலில் காற்றைத் துழாவும் ஒரு கை கண்ணுக்கு முன்னால் வந்து போனது. "ஐயா, ஊர்ல எல்லா நாய்க்கும் இவரைத் தெரியுங்க. எங்க கடை வழியாத்தான் தினமும் போவாரு" என்றார்.

"தெரியக் கூடாது" என்றார் தலைவர். "அவரு நியமன உத்தரவுல நிரந்தர அந்நியர்னு போட்டிருக்கு. அரசாங்கம் அந்நியர்னு சொன்ன ஆளை உங்க நாய் தெரிஞ்சு வெச்சிருக்குன்னா அது யாரு தப்பு?"

"வேற யாராவது புது ஆளை விட்டு ஒரு தடவை..."

தலைவரின் கால்கள் ஆடுவதை நிறுத்தின. "புது ஆளா? முன்னப்பின்ன தெரியாத ஒருத்தரை எப்படிங்க வாரியத்துக்குள்ள விடறது?"

 விதிப்படி இன்னொரு வாய்ப்பு உண்டு, தலைவர் சாப்பிட்டு வந்த பிறகு. அதிலும் தோற்றால் கொட்டடி வண்டி வாசலில் தயாராக நின்றது. ஓட்டுநர் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டுப் பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

சுவர் நிழலில் மெத்தைக் கடைக்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பெரியவர் அவருக்கும் அந்நியருக்கும் பொதுவாகப் படுத்துக்கொண்டார். உடைமையாளரோடு பேச அந்நியருக்கு அனுமதி இல்லை. ஆகவே அவர் நாயோடு பேசினார்.

"பெரியவரே, நான் சொல்றதைக் கேளுங்க" என்றார், பெரியவரின் காதைத் தடவிக்கொண்டே, கண்ணை மட்டும் மெத்தைக் கடைக்காரர் பக்கம் ஓட்டி. "உங்க முதலாளிக்கு என்மேல கோவம்னு உங்களுக்குத் தெரிஞ்சா, நீங்களும் என்மேல சந்தேகப்படலாம் இல்ல? அவரு என்னை நல்லா நாலு கேள்வி கேக்கட்டும். ஒரு குச்சிகூட எடுத்துக்கட்டும். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். என்னைப் பார்த்து ஒரே ஒரு தடவை குரைச்சுட்டு நீங்க வீட்டுக்குப் போங்க."

பெரியவர் கொட்டாவி விட்டார்.

"எனக்கும் ஒரு ஆசை இருக்கு" என்று அந்நியர் இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார். "இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைச்சதில்ல. ரிட்டயர் ஆனா என்னத்தைச் சொல்லிக்கிறது?"

மெத்தைக் கடைக்காரர் வாழ்க்கையில் யாரையும் திட்டியதில்லை. மெத்தை வியாபாரத்தில் கோபத்துக்கு இடம் இல்லை. வருகிறவர்களெல்லாம் தூக்கம் கெட்டவர்கள், அவர்கள் திட்டுவார்கள், இவர் கேட்டுக்கொள்வார். ஆகவே சோதனை மறுபடி தொடங்கியபோது அவருக்கு வசவு எதுவும் வாயில் வரவில்லை. குச்சியை ஒரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு, தன்னிடம் வாடிக்கையாளர்கள் சொன்னதையே ஒப்பித்தார். "நீயெல்லாம் ஒரு மனுஷனா? சொன்ன தேதிக்குச் சரக்கு அனுப்பினியா? ஓரத் தையல் பிரியுதே, பார்த்தியா?"

பெரியவர் ஆழ்ந்து தூங்கினார். மேடையிலிருந்து தலைவர் வண்டிக்காரருக்குச் சைகை காட்டினார். ஓட்டுநர் பீடியைக் காலால் தேய்த்துவிட்டுக் கயிற்றோடு உள்ளே வந்தார்.

கயிற்றைப் பார்த்ததும் மெத்தைக் கடைக்காரருக்கு நிஜமாகவே கோபம் வந்தது. தலைவர்மேல் வந்தது, அலுவலர்மேல் வந்தது, அந்த நாற்காலிமேலும் சுவர்மேலும் வந்தது. ஆனால் எதிரே நின்றது பஞ்சு அங்கி போட்ட அந்த ஒல்லி மனிதர்தான். இளைத்தவனைக் கண்டால்தானே எல்லாக் கோபத்துக்கும் வீரம் வருகிறது.

"உன்னை யாருக்குய்யா தெரியும்?" என்று அவர் கத்தினார். குரல் அவருடையது போலவே இல்லை. "உனக்குன்னு யாரு இருக்கா? நாளைக்கு நீ செத்துக் கிடந்தாக்கூட, இது யாருன்னு சொல்ல ஒரு ஆள் வருமா?"

குச்சி தலைக்கு மேல் உயர்ந்திருந்தது. அந்நியர் பல்லைக் கடிக்க மறந்துவிட்டார். கை இரண்டும் தொங்கிவிட்டன. எதற்கும் தயாராகத் திணித்து வைத்த அந்தப் பஞ்சு இதற்குப் போதவில்லை.

பெரியவர் கண்ணைத் திறந்தார்.

அவர் எழுந்தது அவசரத்தில் அல்ல. முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை ஊன்றி, உடம்பை ஒருமுறை உதறி, இரண்டு பேருக்கும் நடுவே நடந்து வந்து நின்றார். முதுகு அந்நியரின் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. முகம் மெத்தைக் கடைக்காரரைப் பார்த்தது. வால் உயர்ந்து நின்றது. அவர் உறுமவில்லை. வீட்டில் யாராவது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தால் பெரியவர் ஒரு பார்வை பார்ப்பார், அதே பார்வைதான்.

குச்சி மெத்தைக் கடைக்காரரின் கையிலிருந்து தானாக விழுந்தது.

 இனப்பிரிவு அலுவலர் மூக்குக்கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டார். தலையும் உடம்பும் வாலும் ஒரே முடிவுக்கு வந்திருப்பதாக அவர் அறிவித்தார். மூன்று இனங்கள் இப்படி ஒத்துப்போவதை அவர் தம் அனுபவத்தில், வாரியத்தின் கூட்டங்களையும் சேர்த்து, பார்த்ததில்லையாம்.

தலைவர் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கினார். "இடைநிற்றல்" என்றார், தழுதழுத்த குரலில். "என் விதி. அச்சு அசலா அப்படியே நிக்குது பாருங்க. வாரிய வரலாற்றிலேயே இதுதான் முதல் தேர்ச்சி."

மெத்தைக் கடைக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "அப்ப நாங்க கிளம்பலாங்களா?"

"நாங்கன்னா யாரு?" என்றார் தலைவர். "நாய்க்குப் பின்னாடி நிக்கிறவரு உடைமையாளர். அவரு கிளம்பலாம். முன்னாடி நிக்கிற நீங்க அந்நியர்."

"ஐயா, அவரு என் நாய்ங்க. குட்டியிலேர்ந்து வளர்த்தேன்."

"இருக்கலாம். எனக்கே பார்த்தா அப்படித்தான் தெரியுது. ஆனா எனக்குத் தெரியறதை வெச்சு முடிவெடுத்தா வாரியம் எதுக்கு?"

உத்தரவுகள் மளமளவென்று பிறந்தன. நாய் தேறியது, சிறப்பு நிலை. உடைமையாளர்: இதுவரை அந்நியராக இருந்தவர். ஒரு நாய்க்கே உடைமையாளராகிவிட்டவர் இனி யாருக்கும் தெரியாதவராக இருக்க முடியாது, ஆகவே அவருடைய பதவி அந்த நிமிஷமே காலி. வாரியக் குடியிருப்பில் நாய் வளர்ப்பது குற்றம், ஆகவே அறையும் காலி. பஞ்சு அங்கியை மட்டும் அவர் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் தலைவர் மெத்தைக் கடைக்காரரை மேலும் கீழுமாக அளந்தார். "அந்நியர் இடம் ஒண்ணு காலியா இருக்கு. உங்களுக்குத் தகுதி இருக்கு, எங்க உத்தரவே இருக்கு. நிரந்தரம். யோசிச்சுச் சொல்லுங்க."

மெத்தைக் கடைக்காரர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். அவர் போட்ட கும்பிடுகளிலேயே மிகவும் மரியாதை குறைவானது அதுதான். தலைவர் அதை வணக்கமாகவே ஏற்றுக்கொண்டார்.

வாரியத்தின் வாசலில் காவலாளி பார்த்துக்கொண்டிருந்ததால் முன்னால் உடைமையாளர் பெரியவரின் கழுத்துவாரைப் பிடித்துக்கொண்டும், கக்கத்தில் துணிப்பை ஒன்றை இடுக்கிக்கொண்டும் நடந்தார். அங்கி இல்லாமல் அவர் பாதிதான் இருந்தார். பின்னால் பத்தடி தள்ளி, புது அந்நியரான மெத்தைக் கடைக்காரர் நடந்தார். பெரியவர் மட்டும் நாலு எட்டுக்கு ஒருமுறை நின்று, பின்னால் வருகிறவர் வருகிறாரா என்று திரும்பிப் பார்த்தார். தெருமுனை திரும்பியதும் மூவரும் ஒன்றாகிவிட்டார்கள்.

வாரை நீட்டினார் பழைய அந்நியர். "பிடிங்க. உங்க பெரியவரு."

"வேணாம், நீங்களே பிடிங்க. யாராவது பார்த்தா அந்நியன் நாயைத் திருடிட்டுப் போறான்னு இன்னொரு புகார் வரும்." கொஞ்ச தூரம் நடந்தார்கள். பிறகு மெத்தைக் கடைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் அங்க சொன்னதை மனசுல வெச்சுக்காதீங்க."

"உண்மையைத்தானே சொன்னீங்க."

"அதனாலதான் சொல்றேன்."

எங்கே போகப் போகிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் பதில் இருக்காது என்று தெரியும். கடைக்கு அருகில் வந்தபோது பூட்டுக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பெரியவர் திரும்பி வந்ததில் அவருக்கு முகம் சுருங்கியது. தினமும் தெருவில் போனாலும் யாரென்று தெரியாத ஆள் ஒருவர் துணிப்பையோடு பக்கத்துக் கடைக்குள் நுழைவதைப் பார்த்ததும் அது மறுபடி மலர்ந்தது. அவசரமாக உள்ளே போய்ப் பேனாவைத் தேடினார்.

கடைக்காரரின் மனைவி உள்வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். நாற்காலியிலிருந்து அங்கே வரைக்கும் சுவரைப் பிடித்தே வந்திருக்க வேண்டும், நெற்றியெல்லாம் வியர்வை. பெரியவர் வாரோடு, வாரைப் பிடித்தவரையும் இழுத்துக்கொண்டு, நேரே போய்ப் பக்கவாட்டில் நின்றார். காற்றைத் துழாவிய கை முதுகில் இறங்கியது. அந்த அம்மாள் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டுவிட்டு, வாரின் மறுமுனையில் இருந்த மனிதரைப் பார்த்தார்.

"இவரு யாருங்க?"

"இவருதான் பெரியவருக்கு உடைமையாளர்" என்றார் மெத்தைக் கடைக்காரர். "வாரியம் சொல்லிடுச்சு. எழுத்துல குடுத்திருக்கு."

"அப்ப நீங்க?"

"நான் அந்நியன்."

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் மெத்தைக் கடைக்காரரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவர். இதைவிடப் பெரிய செய்திகளை எல்லாம் நின்ற நிலையில் கேட்டவர். "அந்நியருக்குக் காப்பி குடுக்கலாமா கூடாதான்னு அதுல ஏதாவது எழுதியிருக்கா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்ப ரெண்டு பேரும் கை கால் கழுவிட்டு வாங்க." பெரியவரின் முதுகைப் பிடித்தபடி திரும்பி நாலடி நடந்தவர், ஏதோ ஞாபகம் வந்ததுபோல நின்றார். பெரியவரும் நின்றார். "ஏங்க, இவருக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கும் இல்ல? என்னன்னு கூப்பிடறது?"

புது உடைமையாளர் திகைத்துப்போனார். இந்தக் கேள்விக்குப் பணிவிதியில் என்ன பதில் என்று கண்கள் ஒரு கணம் தேடின. பிறகு பணி போய்விட்டது நினைவுக்கு வந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கிறவர் போல முதலில் தொண்டையைச் செருமிக்கொண்டு, தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்தோடு, தன் பேரைச் சொன்னார்.

நல்ல பேர்தான். ஆனால் வாரியத்து ஆட்களும் கதை படிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதவில்லை. அந்த வீட்டில் அவர்கள் எல்லாரும் அவரை இப்போது அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.